ஊர் மண்டபத்தில் இனுயிட் கலைக் கண்காட்சியும் நிதி சேர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் நூலகக் கூடத்திலோ கோவில் மண்டபத்திலோ இரண்டு நாள் இனுயிட் கலைக் கண்காட்சி வைத்து, கூடவே மௌன ஏலம் (விலையைக் கூவாமல் தாளில் எழுதிக் கேட்கும் ஏலம்) நடத்தி நற்பணிக்குக் காசு சேர்க்க நினைக்கும் சங்கங்களுக்காக எழுதியது. வரி, பதிப்புரிமை விவரங்கள் கனடா முழுவதற்கும் பொருந்தும். குலுக்கல் உரிமம் பற்றியது ஒன்ராறியோவுக்கு மட்டும்.

"எஸ்கிமோ கலை" என்று சுவரொட்டியில் போடலாமா?

போடாதீர்கள். அது வெளியார் வைத்த பெயர். இன்று அவமதிப்பாகவே கொள்ளப்படுகிறது. கனடாவின் ஆர்க்டிக் வடக்கின் பூர்வகுடிகளான அந்த மக்கள் தங்களை இனுயிட் என்கிறார்கள். அந்தச் சொல்லே பன்மைதான். ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இனுக். 2021 குடிசன மதிப்பீட்டின்படி கனடாவில் 70,545 இனுயிட் இருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இனுவியலுயிட், நுனாவுட், நுனாவிக், நுனாட்சியாவுட் என்ற நான்கு தாயகப் பகுதிகளில் வாழ்கிறார்கள். பழைய இனுயிட் கலைக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலும் பழைய ஆவணங்களிலும் அந்த வார்த்தை இருந்தால் அப்படியே விடுங்கள். நீங்கள் எழுதும் வாசகத்தில் மட்டும் அது வரக்கூடாது.

என்னென்ன வைக்கலாம்? எத்தனை வைக்கலாம்?

கற்சிற்பம், அச்சோவியம், துணிவேலை மூன்றும் கலந்திருந்தால் கூடம் நிறைவாக இருக்கும். நூறு பேர் உட்காரும் மண்டபத்துக்கு 25 முதல் 30 படைப்புகள் தாராளம். கொலுப்படி போல நெருக்கி அடுக்க வேண்டாம். சிற்பத்தை நாலு பக்கமும் சுற்றிப் பார்க்க இடம் வேண்டும். பின்பக்கத்தில்தான் பல சமயம் செதுக்கியவரின் கைத்திறன் தெரியும்.

பாஃபின் தீவின் கிங்கைட் ஊர் (2020 வரை கேப் டோர்செட் என்று பெயர்) அச்சோவியத்துக்குப் பெயர்போனது. 1959 முதல் ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு வெளியிடுகிறார்கள். ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 50 பிரதிதான். கல்லச்சு செய்யும் முறை இது: ஒருவர் தாளில் வரைவார். வேறொருவர் அதைத் தட்டையாகத் தேய்த்த கல்லுக்கு மாற்றி, கோடுகளுக்கு வெளியே இருப்பதைச் செதுக்கி எடுப்பார். மேடாக நிற்கும் இடத்தில் மை உருட்டி, மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே போட்டு, பின்பக்கத்திலிருந்து கையால் தேய்த்துப் படத்தை எடுப்பார்கள். 50 பிரதி முடிந்ததும் கல்லைத் தேய்த்துப் படத்தை அழித்துவிடுவார்கள். அதனால் ஒரு அச்சோவியத்தில் இரண்டு பேருடைய உழைப்பு உண்டு: வரைந்தவர், அச்செடுத்தவர். அட்டையில் இருவர் பெயரும் வர வேண்டும்.

துணிவேலைக்கு பேக்கர் லேக் ஊர். கம்பளித் துணியில் வண்ணத் துண்டுகளை வெட்டித் தைத்து, மேலே நூல்வேலை செய்த சுவர்த்தொங்கல்கள் அங்கிருந்து வருகின்றன. ஜெசி ஊனார்க் (1906–1985) அதில் முதல் வரிசைக் கலைஞர். தறியில் நெய்த சித்திரங்களுக்குப் பாங்னிர்டுங்.

படைப்புகளை எங்கே பெறுவது?

மூன்று வழி உண்டு. முதலாவது, வடக்கே இனுயிட் ஊர்களில் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் தெற்கில் நடத்தும் விற்பனைப் பிரிவுகள். கிங்கைட் படைப்புகளுக்கான டோர்செட் ஃபைன் ஆர்ட்ஸ் ரொறன்ரோவில் 1978 முதல் இயங்குகிறது. இரண்டாவது, இனுயிட் கலை விற்கும் கலைக்கூடங்கள். விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் சில தருவார்கள். மூன்றாவது, வீட்டில் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் இரவல். வடக்கில் வேலை பார்த்துத் திரும்பிய ஆசிரியர்கள், தாதியர்கள் வீடுகளில் நல்ல சிற்பங்கள் இருக்கும்.

எந்த வழியானாலும் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஆணியிலிருந்து இறக்கிய நேரம் முதல் திரும்ப அதே ஆணியில் மாட்டும் நேரம் வரை, வழிப்பயணமும் சேர்த்து அது காக்க வேண்டும். மண்டபத்தின் பொதுக் காப்புறுதி பிறர் கலைப்பொருளுக்குப் பொருந்தாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

நற்பணிதானே, கலைஞரிடம் இலவசமாகக் கேட்கலாமா?

கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மண்டபத்துக்கு வாடகை கொடுக்கிறோம், சாப்பாட்டுக்குக் கொடுக்கிறோம், ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறோம். எல்லோரும் எதைப் பார்க்க வருகிறார்களோ அதைச் செய்தவரிடம் மட்டும் தானம் கேட்பது நியாயம் இல்லை. வெளியூரோடு இணைக்கும் வீதியே இல்லாத, சாமான் எல்லாம் விமானத்திலும் கோடைக் கப்பலிலும் வந்து சேரும் ஊர்களில், சிற்பம் விற்ற காசுதான் பல வீடுகளில் அரிசிக்கும் வேட்டைக்குப் போகும் எரிபொருளுக்கும் ஆகிறது.

நாங்கள் பரிந்துரைக்கும் ஏற்பாடு: கலைஞரோ கூட்டுறவோ கேட்கும் முழு விலையையும் ஏலத்தின் தொடக்க விலையாக வையுங்கள். அது அவர்களுக்கு. அதற்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ அது நற்பணிக்கு. காசு கொஞ்சம் குறைவாகச் சேரலாம். அடுத்த முறையும் அவர்கள் உங்களுக்குப் படைப்பு தருவார்கள்.

விற்பனைக்கு இல்லாததைக் காட்சிக்கு மட்டும் வைத்தால் அனுமதி வேண்டுமா?

வேண்டும். பலருக்கும் இது தெரிவதில்லை. 1988 ஜூன் 7-க்குப் பிறகு உருவான கலைப்படைப்பை, விற்பனையோ வாடகையோ நோக்கமாக இல்லாமல் பொதுக் கண்காட்சியில் வைக்கும் உரிமை, கனடியப் பதிப்புரிமைச் சட்டப்படி கலைஞருடையது. சிற்பம் உங்கள் நண்பர் வீட்டுச் சொத்தாக இருந்தாலும் அந்த உரிமை அவரிடம் இல்லை. கலைஞரிடமோ அவர் சார்பான அமைப்பிடமோ எழுத்தில் அனுமதி பெற்று, கட்டணம் கேட்டால் கொடுங்கள். சுவரொட்டியிலும் முகநூலிலும் படத்தைப் போடுவதற்குத் தனி அனுமதி. கலைஞர் இறந்திருந்தாலும் பதிப்புரிமை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். 2022 டிசம்பர் 30 முதல் கனடாவில் அது வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டு.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இக்லூ (பனிவீடு) முத்திரைச் சீட்டைப் பாருங்கள். இனுயிட் கையால் செய்தது என்பதற்கான அடையாளச் சீட்டு அது. 1958-இல் கனடிய அரசு தொடங்கியது. 2017 முதல் இனுயிட் ஆர்ட் ஃபவுண்டேஷன் அதை நடத்துகிறது. கலைஞர் பெயர், ஊர் முதலியவை அதில் இருக்கும். ஆனால் சீட்டு கயிற்றில் கட்டியது. கழன்று போகும், வேறொன்றில் கட்டவும் படும். சீட்டு இல்லை என்பதற்காகப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். சீட்டில் எழுதியது அடியில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, சிற்பத்தைக் கவிழ்த்து (தூக்கும் முறை கீழே இருக்கிறது) அடிப்பாகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பெயர் இனுயிட்டின் மொழியான இனுக்டிட்டுட்டின் அசையெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கலாம். நம் உயிர்மெய் போல அதிலும் ஒரு எழுத்து ஒரு அசை. நாம் கொம்பும் காலும் சேர்ப்பதற்குப் பதில் அவர்கள் எழுத்தையே திருப்புகிறார்கள்: கூரை போன்ற ஒரே வடிவம் முனை மேலே பார்த்தால் 'பி', வலப்பக்கம் பார்த்தால் 'பு', இடப்பக்கம் பார்த்தால் 'பா'. மேற்குப் பகுதியிலும் நுனாட்சியாவுட்டிலும் ரோமன் எழுத்தே வழக்கம் என்பதால், அசையெழுத்து இல்லாதது குறை ஆகாது.

E7 என்று தொடங்கும் ஓர் எண் இருந்தால் அது பழைய அடையாள வட்டு எண். 1940-களில் அரசு ஒவ்வொரு இனுயிட்டுக்கும் எண் பொறித்த வட்டு கொடுத்தது. கிழக்கே இருப்பவருக்கு E, மேற்கே W. குடும்பப் பெயர் பதியும் வேலை 1968-இல் தொடங்கி 1971 வரை நடந்த பிறகுதான் அது வழக்கொழிந்தது. அந்த எண்ணைக் கொண்டு கலைஞரைத் தேடிப் பிடிக்கலாம். பிடித்த பிறகு அட்டையில் பெயரை எழுதுங்கள். எண்ணை யாருடைய பெயராகவும் போடாதீர்கள்.

கல்லா பிசினா என்பது கையில் தெரியும். கல் தொட்டதும் சில்லென்று இருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். பிசினில் வார்த்தது சீக்கிரம் கைச்சூட்டுக்கு வந்துவிடும். ஓரத்தில் வார்ப்புக் கோடு இருக்கும். குழிகளில் நுண்ணிய காற்றுக்குமிழி தெரியும். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு சிற்பம் கிடைத்தால் அதுவே பதில். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். போலியாக இருந்தால் உங்களுக்கு லாபம் இல்லை, உண்மையாக இருந்தால் பெரிய நட்டம்.

அச்சோவியமாக இருந்தால் ஓரத்தில் தலைப்பு, ஆண்டு, பிரதி எண், கலைஞர் கையொப்பம், அந்த ஊர் அச்சுக்கூடத்தின் முத்திரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கிங்கைட்டின் முத்திரை சிவப்பு இக்லூ.

தந்தமும் எலும்பும் கலந்த படைப்புகளை விற்கலாமா?

கனடாவுக்குள் இனுயிட் செய்தவற்றை விற்கலாம். எல்லை தாண்டும்போதுதான் சிக்கல். வால்ரஸ் தந்தம், நார்வால் கொம்பு, திமிங்கில எலும்பு, துருவக்கரடி, கடல்நாய்த் தோல் ஆகியவற்றை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் சாதாரணமாக விடாது. மற்ற நாடுகளுக்கும் நார்வால், வால்ரஸ், துருவக்கரடிப் பொருள்களை அனுமதிப் பத்திரம் இல்லாமல் அனுப்ப முடியாது. ஏலத்தாளிலேயே பொருளின் பெயரை எழுதி, "கனடாவுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாமல் போகலாம்" என்று போடுங்கள். நியூ ஜெர்சியிலிருந்து வந்த உறவினர் எல்லையில் பறிகொடுத்துவிட்டுத் தொலைபேசியில் கேட்பதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது. கரிபூ மான்கொம்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

குளிர்காலத்தில் பெட்டி வந்து இறங்கியது. உடனே பிரிக்கலாமா?

கூடாது. மூடியபடியே 24 மணி நேரம் மண்டபத்துக்குள் வையுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். வெளியே மைனஸ் இருபதில் கிடந்த கல்லைச் சூடான அறையில் திறந்தால் மேலே நீர் வியர்க்கும், தாளாக இருந்தால் நெளியும். தந்தமும் கொம்பும் எலும்பும் திடீர்ச் சூட்டிலும் வறட்சியிலும் நாரோட்டத்தில் வெடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். ஜனவரியில் சூடேற்றிய மண்டபத்தில் அது மிகவும் கீழே போய்விடும். ஈரமாக்கி ஒன்றை முதல் நாளே ஓடவிட்டு, மலிவான ஈரமானி ஒன்றை மாட்டிவையுங்கள்.

சிற்பத்தை எப்படித் தூக்குவது, எப்படி நிறுத்துவது?

இரண்டு கையும் அடிப்பாகத்தில். கொம்பு, ஈட்டி, நீட்டிய கை, பறவையின் கழுத்து எதையும் பிடித்துத் தூக்காதீர்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். கரும்பச்சைச் செர்ப்பென்டைன் கல்லில் ஒரு கீறல் விழுந்தால் வெள்ளைக் கோடாக நிற்கும். வேட்டைக்காரர் கையில் இருக்கும் ஈட்டி பெரும்பாலும் தனித் துண்டு. முதலில் அதை உருவி எடுத்து, பெயர் எழுதிய பையில் போட்டுவிட்டு அப்புறம் சிற்பத்தைத் தொடுங்கள்.

பீடம் 90 முதல் 110 சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம். உள்ளே காலியாக விடாமல் அடியில் மணல் மூட்டை வையுங்கள். அதிகம் கவலைப்பட வேண்டியது ஒற்றைக்காலில் ஆடும் கரடிக்கு. முழுக் கனமும் உள்ளங்கை அகலப் பாதத்தில் நிற்கும்; பக்கத்தில் பிள்ளை ஒன்று ஓடினால் தரை அதிர்விலேயே மெல்ல நகரும். பாதத்தடியில் பட்டாணி அளவு அருங்காட்சியக மெழுகை நாலு இடத்தில் வைத்து, கால்வாசி திருகினாற்போல் அழுத்துங்கள். எடுக்கும்போதும் அதே மாதிரி திருகித்தான் எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் கால் முறியலாம்.

இன்னொன்று: விழுந்து உடைவது கையால் தள்ளி அல்ல, குளிர்ச்சட்டையும் முதுகுப்பையும் இடித்துத்தான். வாசலிலேயே கோட் மாட்டும் சட்டமும், பை வாங்கி வைக்க ஒருவரும் கட்டாயம். பிள்ளைகளுக்கு "தொடாதே" என்ற பலகை மட்டும் போதாது. செதுக்காத கல் ஒன்றை மேசையில் வைத்து "இதைத் தொட்டுப் பாருங்கள்" என்று எழுதுங்கள். பாதி ஆசை அங்கேயே தீரும்.

கல் மங்கலாக இருக்கிறது, எண்ணெய் பூசலாமா?

கல்சட்டி பழக்குகிற ஞாபகத்தில் நம்மவர்கள் இதைக் கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் கல்சட்டி கடையும் மாக்கல்லும், இனுயிட் காலங்காலமாகச் சமையல் பானையும் விளக்கும் செய்த கல்லும் ஒரே வகைதான். ஆனால் சிற்பத்துக்கு எண்ணெய் வேண்டாம். அது தூசியைப் பிடிக்கும், சில இடத்தில் மட்டும் ஊறித் திட்டுத்திட்டாகக் கருக்கும், திரும்ப எடுக்க முடியாது. தளபாடப் பாலிஷும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

வெளிச்சம் எவ்வளவு?

தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ். கைபேசிச் செயலியிலேயே சுமாராக அளக்கலாம். கொம்பு, எலும்புக்கு 200 வரை போகலாம். கல்லுக்கு வெளிச்சம் தீங்கில்லை. எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து விடுங்கள். நேர் மேலேயிருந்து விட்டால் செதுக்கல் தட்டையாகத் தெரியும். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் அச்சோவியம் மாட்ட வேண்டாம். படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் வரட்டும்.

விவர அட்டையில் என்ன எழுதுவது?

கலைஞர் பெயர், ஊர், தலைப்பு, ஆண்டு, பொருள், அச்சானால் அச்செடுத்தவர், யார் இரவல் தந்தது. தொடக்க வரிக்கு ஒரு மாதிரி: "கெனோஜுவாக் அஷெவாக் (1927–2013), கிங்கைட். மாய ஆந்தை, 1960. கல்லச்சு." 1970-இல் கனடாவின் தபால்தலையில் வந்த படம் அது. தமிழில் எழுதும்போது பெயரின் உச்சரிப்பை இனுக்டிட்டுட் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். "அறியப்படாத கலைஞர்" என்று போடும் முன் அடியில் பொறித்ததை இன்னொரு முறை பாருங்கள்.

தொடக்க விழாவில் குல்லிக் விளக்கு ஏற்றலாமா?

நாம் குத்துவிளக்கு ஏற்றுவது போல இதையும் யாராவது ஏற்றிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அரைநிலா வடிவக் கல்விளக்கு. கடல்நாய் எண்ணெய் விட்டு, பாசியும் ஆர்க்டிக் பஞ்சும் கலந்த திரியை விளிம்பு நெடுகப் பரப்பி ஏற்றுவார்கள். வீட்டைச் சூடாக்கியதும், உணவு சமைத்ததும், துணி காயவைத்ததும் அதுதான். அதைப் பேணுவது பெண்களின் உரிமை. இனுயிட் மூத்த பெண் ஒருவரை அழையுங்கள். அவருக்கும் உதவிக்கு வருபவருக்கும் மதிப்பூதியம், பயணச் செலவு, சாப்பாடு முன்கூட்டியே பேசி, அன்றே கையில் கொடுங்கள். தாயகத்துக்கு வெளியே இனுயிட் அதிகம் வாழும் நகரம் ஒட்டாவா. அங்குள்ள துங்காசுவிங்காட் இனுயிட் அமைப்பு 1987 முதல் இயங்குகிறது.

மண்டபப் பொறுப்பாளரிடம் திறந்த சுடர் எரியப்போகிறது என்று இரண்டு வாரம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். புகை உணரும் கருவி அலறித் தீயணைப்பு வண்டி வந்தால், மரியாதைக்கு அழைத்தவரை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். உலோகத் தட்டு, தீப்போர்வை, பக்கத்தில் ஒருவர், இவை போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், சுடர் அலைந்தால் புகை கூடும்.

மௌன ஏலத்தில் எது சறுக்கும்?

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மூடுவது. பணம் கட்ட நாற்பது பேர் ஒரே வரிசையில் நின்று, பாதிப்பேர் போய்விடுவார்கள். மூன்று பிரிவாக, 15 நிமிட இடைவெளியில் மூடுங்கள். பெயருக்குப் பதில் வாசலில் கொடுத்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். தொடக்க விலை, சந்தை விலை, குறைந்தபட்ச ஏற்றம் மூன்றும் தாளின் மேலே அச்சில் இருக்க வேண்டும். 500 டொலர் வரை 25, அதற்கு மேல் 50 என்று ஏற்றம் வைக்கலாம். பேனாவைக் கயிற்றில் கட்டி, பீடத்திலிருந்து தள்ளித் தனி மேசையில் வையுங்கள். சிற்பத்தின் பக்கத்தில் குனிந்து எழுதும்போதுதான் முழங்கை படும்.

வாங்கியவருக்கு வரிப் பற்றுச்சீட்டு கொடுக்கலாமா?

கனடா வருமானத் திணைக்களத்தில் பதிவு பெற்ற அறக்கொடை நிறுவனம் மட்டுமே கொடுக்கலாம். அதுவும் முழுத் தொகைக்கு அல்ல. கொடுத்த காசில் பொருளின் சந்தை விலையைக் கழித்த மீதிக்கு. அந்தச் சந்தை விலை, வாங்கியவர் கொடுத்த தொகையில் 80 சதவீதத்தைத் தாண்டினால் எதுவும் கொடுக்க முடியாது. சந்தை விலை 1,000 டொலர் உள்ள அச்சோவியம் 1,200-க்குப் போனால் பற்றுச்சீட்டு இல்லை. 1,250-க்குப் போனால் 250-க்கு. 1,600-க்குப் போனால் 600-க்கு. ஏலம் தொடங்கும் முன் சந்தை விலையை அறிவித்திருக்க வேண்டும் என்பதால்தான் அதைத் தாளில் அச்சிடச் சொன்னோம்.

சேகரிப்பாளர் ஒருவர் சிற்பத்தையே தானமாகத் தந்தால் அதன் சந்தை விலைக்குப் பற்றுச்சீட்டு உண்டு. 1,000 டொலருக்கு மேல் என்றால் வெளி மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்கி மூன்று ஆண்டு ஆகாத பொருளுக்குப் பொதுவாக அவர் கொடுத்த விலையைத் தாண்டி எழுத முடியாது. தொண்டர்களின் உழைப்புக்குப் பற்றுச்சீட்டு கிடையாது.

சீட்டுக் குலுக்கிச் சிற்பம் பரிசு கொடுக்கலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. ஒன்ராறியோவில் 50,000 டொலர் வரையிலான பரிசுக் குலுக்கலுக்கு நகரசபையில் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கல் சீட்டுக்கு வரிப் பற்றுச்சீட்டும் கிடையாது.

இனுக்சுக் படத்தைச் சின்னமாகப் போடலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வழிகாட்டவும் வேட்டைக்கான இடத்தைக் காட்டவும் நிறுத்திய கற்குறி அது. நுனாவுட் கொடியில் இருப்பது. மனித வடிவில் கையை விரித்து நிற்கும் கடை அலங்காரத்துக்கு அவர்கள் மொழியில் வேறு சொல்லே இருக்கிறது: இனுங்குவாக். அனுமதி பெற்ற ஒரு படைப்பின் படத்தைக் கலைஞர் பெயரோடு போடுங்கள்.

முடிந்த பிறகு?

வந்தபோது எடுத்த புகைப்படத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பெட்டியில் வையுங்கள். சிற்பத்தை முதலில் அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, அப்புறம் குமிழ் உறையில் சுற்றுங்கள். குமிழ் நேரடியாகப் பட்டால் மெழுகு பூசிய கல்லில் வட்ட வட்டமாகத் தடம் விழும். கலைஞர்களுக்கும் கூட்டுறவுக்கும் பத்து நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். நற்பணிக் காசோலையை மேடையில் கொடுப்பதற்கு முன் இதை முடியுங்கள்.

வாங்கியவருக்கு ஒரு தாள் கொடுங்கள்: கலைஞர் பெயர், ஊர், ஆண்டு, பொருள், முத்திரைச் சீட்டு எண், எந்த நிகழ்வில் வாங்கியது. அதைச் சிற்பத்தின் அடியில் ஒட்டித் தர வேண்டாம், பசை கல்லில் கறை விடும். உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள்.